அமலையை வாய்க்காலிலேயே மறித்த கதை

இந்தத் தைப்பொங்கலன்று குளத்துக் கரையில் நின்றபோது தண்ணீர் தெரிந்தது. குளத்தில் தண்ணீர் தெரிவது ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எங்கள் குளத்தில் செய்திதான். கார்த்திகை பிறந்தால் கரை முதல் கரை வரை அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, மூடிவிடும். ஊதாப் பூவோடு பார்க்க அழகாக இருக்கும், ஆடு தெரியாமல் இறங்கிவிட்டால் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். நடுவில் 2024 தையில் ஒரு தடவை தண்ணீர் தெரிந்தது. அது எங்கள் வேலை இல்லை, பின்னால் சொல்கிறேன்.

குளம் சேரன்மகாதேவிக்குத் தெற்கே இருக்கிறது. நீர்ப்பரப்பு 62 ஏக்கர், பாசனம் 140 ஏக்கர். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் மூன்றாவதான கன்னடியன் அணையிலிருந்து வரும் கால்வாயின் ஒரு கிளைதான் எங்களுக்கு வரத்து. நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகக் குளத்துச் சங்கத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன், அதனால் தொகைகள் சரியாக இருக்கும். தேதிகள் முன்னே பின்னே இருக்கலாம்.

2021இல் நாங்கள் செய்தது எல்லா ஊரிலும் செய்வதுதான். ஹிட்டாச்சி மண்வாரி எந்திரம் கொண்டுவந்தோம். மணிக்கு 1,900 ரூபாய், 38 மணி நேரம், மொத்தம் 72,200. ஏக்கருக்கு 500 ரூபாய் வரி போட்டு 70,000 வந்தது, மீதி மீன்பாசி ஏலம், அதாவது குளத்தில் மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவர் கொடுத்தார். அவர் வலை அமலையில் சிக்கிக் கிழிவதால் அவருக்கும் இதில் அக்கறை உண்டு. ஹிட்டாச்சியின் கை குளத்து நடுவுக்கு எட்டாது. நாலு பேர் லாரி டியூப்பில் மிதந்து போய், கயிறு போட்டு அமலையைக் கரைப்பக்கம் இழுத்து வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. எடுத்ததை அப்புறப்படுத்த டிராக்டருக்குக் காசில்லை. கரையின் உள்சரிவிலேயே குவித்துவிட்டோம், வெயிலில் காய்ந்துவிடும் என்று.

மேலே இருந்தது காய்ந்தது. அடியில் இருந்தது காயவில்லை. ஐப்பசியில் தண்ணீர் ஏறியதும் குவியல் குவியலாக மிதந்து, வந்த இடத்துக்கே திரும்பிப் போய்விட்டது. 72,200 ரூபாய் அப்படியே நடுக்குளத்துக்கு நீந்திப் போவதைக் கரையில் நின்று பார்த்தோம்.

அதற்குப் பிறகுதான் ஒரு காரியம் செய்தேன், முதலிலேயே செய்திருக்க வேண்டியது. முக்கால் இஞ்ச் பைப்பில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் ஒன்று செய்து, அமலை மேல் போட்டு, உள்ளே இருந்ததை மட்டும் அறுத்துக் கடைத் தராசில் நிறுத்தேன். 27 கிலோ. சரிவான கல்லில் இரண்டு நாள் போட்டு வைத்தால் 18. ஒன்பது நாள் நல்ல வெயிலில் கிடந்தபின் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பச்சையாக டிராக்டரில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுக்கிறோம். இந்தக் கணக்கு பின்னால் மிகவும் உதவியது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு எடுத்தாலும் மேலே இருந்து வந்துகொண்டே இருக்கிறது. வாய்க்கால் குளத்தில் விழும் வாயில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன். தலைப்பாகை அளவு கொத்துகள் 40க்கு மேல் வந்தன. ஒரு கொத்து பத்துப் பதினைந்து நாளில் இரண்டாகிவிடும். அப்படியானால் குளத்தை விட்டுவிட்டு வாய்க்காலைப் பார்க்க வேண்டும். 14 அடி அகலம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்த 14 அடிக்கு நாலு வருடம் ஆயிற்று.

2022இல் வலை. உவரியிலிருந்து பழைய வலை ஒன்று பஸ்ஸில் வந்து சேர்ந்தது, 1,200 ரூபாய். ஒரு முனையைத் தென்னையிலும் மறுமுனையை உடைமரத்து மூட்டிலும் கட்டினோம். குளத்து மடையைத் திறந்து மூடும் எங்கள் மடைக்காரர், எழுபது வயது தாண்டியவர், பார்த்துவிட்டுச் சொன்னார்: "எய்யா, என்ன, அமலைய மீனு மாதிரி பிடிக்கப் போறியளா?"

பிடித்தது. மூன்று மணி நேரம் பிடித்தது. முதல் மழைத் தண்ணீரில் வலை கர்ப்பிணி வயிறு மாதிரி உப்பி, தென்னை அசையாமல் நிற்க, உடைமரத்து மூடு வேரோடு பிடுங்கிக்கொண்டு போனது. மறுநாள் வலை நடுக்குளத்தில் கிடந்தது. வெட்டி எடுக்க நாலு நாள். அதற்குள் இரண்டு தண்ணீர்ப்பாம்பும் ஒரு முக்குளிப்பானும் அதில் மாட்டிச் செத்திருந்தன. முக்குளிப்பானை நான்தான் அறுத்து எடுத்தேன், உள்ளங்கையில் அடங்கிவிட்டது. இனி வலை கிடையாது என்று அந்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் எழுதினோம்.

2023இல் மூங்கில் தட்டி. பன்னிரண்டு மூங்கில் வாங்கிப் பிளந்து, இரண்டு இஞ்ச் இடைவெளி விட்டு, வாய்க்காலுக்குக் குறுக்கே நேராக நட்டோம். பலமாகத்தான் இருந்தது. பலம்தான் வினை. ஐப்பசி நடுவில் அமலை வந்து அடைத்து, தட்டிக்கு மேற்பக்கம் தண்ணீர் இரண்டடி ஏறி, இடது கரையைத் தாண்டி வாழைக்குள் போய்விட்டது. அதுவும் யார் வாழை? என் சித்தப்பாவின் ஏத்தன் வாழை, 300 கன்று. ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வந்தது. டார்ச்சும் வெட்டருவாளுமாகப் போய் இடது முனையில் இருந்த இரண்டு கம்பை வெட்டினேன். தட்டி விர்ரென்று திரும்பி, கீழ்ப்பக்கமாகப் போய் இடது கரையில் சாய்ந்து நின்றது. தண்ணீர் வடிந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கையிலிருந்து 6,000 ரூபாய் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

காலையில் போய்ப் பார்த்தால், தட்டி வாய்க்காலுக்குக் குறுக்கே சாய்வாகக் கிடக்கிறது. அமலை அதன் மேல் வந்து இடித்து, அங்கே நிற்காமல், தட்டியை உரசிக்கொண்டே வழுக்கிப் போய் இடது கரை மூலையில் சேர்கிறது. நடுவில் தண்ணீர் தடையில்லாமல் போகிறது. மூலையில் சேர்ந்ததைக் கரையில் நின்றபடியே ஒரு கம்பால் இழுத்துப் போடலாம். நான் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். போனில் எடுத்த படம் இன்னும் இருக்கிறது. கம்பை வெட்டியது தண்ணீரை வடிய விடத்தான், வடிவம் தானாகக் கிடைத்தது.

அதைச் சீராகக் கட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது டிசம்பர் 17, 18 வந்தது. அந்த மழையைப் பற்றி நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. எத்தனையோ குளங்கள் உடைந்தன. எங்கள் கரையில் அன்று ராத்திரி 600 மணல் மூட்டை அடுக்கினோம், நின்றுவிட்டது. வாய்க்காலில் வந்த வெள்ளத்தில் தட்டி போன இடம் தெரியவில்லை. ஆனால் குளத்து அமலை முழுவதும், உபரித் தண்ணீர் வெளியேறும் மறுகால் வழியாகத் திட்டுத் திட்டாக, ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறிப் போனது. அதனால்தான் 2024 தையில் தண்ணீர் தெரிந்தது. கீழே உள்ள குளத்துக்காரர்கள் எங்களை என்ன திட்டினார்களோ.

ஊரில் பலர் அமலைப் பிரச்சினை தீர்ந்தது என்றே நம்பினார்கள். சித்திரையில் குளம் வற்றி, ஈரச் சேறு மட்டும் கிடந்தபோது பார்த்தால், சேறு முழுக்கப் பச்சைப் புள்ளி. விதை. அது சேற்றுக்குள் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கக்கூடியது. அதை முளையிலேயே பிடுங்குவது எளிது, உள்ளங்கை அளவு வளர்வதற்குள் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூட லீவு நாளில் பையன்களுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து ஏழு காலை வேலை. இதை அன்று முதல் வருடா வருடம் செய்கிறோம். செலவு 2,000 தாண்டியதில்லை.

2024 ஐப்பசிக்கு நீலக் கேன். காலி எண்ணெய்க் கேன் 22 வாங்கி, ஒன்று 60 ரூபாய், கைப்பிடி வழியாகக் கயிறு கோத்துச் சாய்வாகக் கட்டினேன். தண்ணீர் ஏறினால் கேனும் ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற யோசனை சரிதான். ஆனால் கேன் உருளும். அமலை வந்து இடித்ததும் கேன் உருண்டு அதைத் தன் அடியில் தள்ளிவிடுகிறது. கேனுக்கும் கேனுக்கும் இடையில் வேறு சந்து. பாதிதான் நின்றது. அதைவிடப் பெரிய கோளாறு, வாரத்துக்கு இரண்டு கேன் காணாமல் போயிற்று. டீசல் வாங்க, தண்ணீர் பிடிக்க, கேன் எல்லா வீட்டிலும் தேவைப்படும் சாமான். கார்த்திகை முடியும்போது கயிற்றில் ஒன்பது மிச்சம். கடைசியாகப் போனதில் ஒன்றை எங்கள் சங்கத்துக்காரர் ஒருவர் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் பார்த்தேன். பேசாமல் வந்துவிட்டேன்.

சரி, 2025. இந்தத் தடவை உட்கார்ந்து வரைந்தேன். வாய்க்கால் 14 அடி. மிதவை 30 அடி நீளமாக இருந்தால் கரையோடு ஏறக்குறைய 28 டிகிரி சாய்வில் கிடக்கும். 110 மில்லிமீட்டர் பிவிசி பைப், 20 அடி நீளம், மூன்று வாங்கினேன், ஒன்று 1,050. பத்துப் பத்து அடியாக வெட்டினால் ஆறு துண்டு. மூன்று துண்டு ஒரு வரிசை. இரண்டு வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டினால் உருளாது, கேன் கற்றுக்கொடுத்த பாடம். இரண்டு பக்கமும் மூடி, 12 மூடி 720. பசை 180.

வரிசைக்கு அடியில் நிழல்வலையை ஒன்றரை அடி ஆழத்துக்குப் பாவாடை மாதிரி தொங்கவிட்டேன். அமலை வேரை முன்பே அளந்திருந்தேன், நீளமானது 40 சென்டிமீட்டர். அதனால்தான் ஒன்றரை அடி. நிழல்வலையின் கீழ் ஓரத்தை மடித்துத் தைத்து, உள்ளே 10 மில்லிமீட்டர் கம்பியைச் செருகினேன், தண்ணீர் தூக்காமல் இருக்க. கம்பி ஐந்தரை கிலோ. வலை 600, கம்பி 365. தைத்தது என் மனைவி, வீட்டுத் தையல் மிஷினில் இரண்டு ஊசி உடைந்தது. அதைக் கணக்கில் எழுதவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

ஒட்டியவுடன் சந்தோஷமாகக் கொண்டுபோய்ப் போட்டேன். மறுநாள் காலையில் ஆறில் இரண்டு துண்டு முங்கிக் கிடந்தன. நான் மூடி ஒட்டியது மழை ஈரமான ஒரு சாயங்காலம், பசை சரியாகப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொண்டுவந்து, எங்கள் தோட்டத்துத் தொட்டியில் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன், சைக்கிள் டியூப்பில் பஞ்சர் பார்க்கிற மாதிரி. பைப்பை ஒருவன் அமுக்குவது லேசு இல்லை. பத்தடி பைப் 25 கிலோவுக்குக் குறையாமல் மேலே தள்ளும். ஒரு முனையில் என் தம்பி மகன் ஏறி உட்கார்ந்தான், மறுமுனையை நான் முழங்காலால் அழுத்தினேன். முட்டை முட்டையாகக் காற்று வந்த மூடிகளை அறுத்து எடுத்துவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, வெயிலில் காயவைத்து, திரும்ப ஒட்டி, ஒரு நாள் தொடாமல் வைத்தேன். அதன்பின் ஒன்றும் முங்கவில்லை.

நிறுத்துவதற்கு எட்டடிக் கல்தூண் இரண்டு, 1,400. வாய்க்காலுக்குள் எதையும் நிரந்தரமாகக் கட்டக்கூடாது என்று மிதவைக்கு வாங்கிய அனுமதிக் கடிதத்திலேயே இருந்தது. அதனால் இரண்டையும் கரையில், மூன்றடி ஆழத்தில், சிமெண்டு போட்டு நட்டோம். இரண்டு மூடை 840. கொத்தனார் 1,000, கையாள் இரண்டு பேருக்கு 1,400. மிதவையை இழுத்துப் பிடிக்க 8 மில்லிமீட்டர் இரும்புக் கயிறு 40 அடி, 1,800. மொத்தம் 11,455 ரூபாய்.

தூணில் மிதவை ஏறி இறங்க வேண்டும். முதலில் ஆட்டோ டயரை வளையமாக மாட்டினேன். கல்தூண் சொரசொரப்பு, டயர் பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஓரடி ஏறியும் மிதவை முனை ஏறாமல் முங்கியது. பழைய அடிபம்பு ஒன்றின் ஜிஐ இரும்புப் பைப் சங்கத்து அறையில் சும்மா கிடந்தது. அதைத் தூணோடு கிளாம்பு போட்டுச் செங்குத்தாக நிறுத்தி, அதில் இரும்பு வளையம் மாட்டி, கிரீஸ் தடவினேன். வழுவழுவென்று ஏறி இறங்கியது.

மிதவை முடியும் மூலையில் கரையை எட்டடிக்குப் பத்தடி வெட்டிக் குழிவாக்கி, பக்கத்தில் சரிவாகப் பழைய கல்பலகை பாவினோம். அமலை குழிவில் வந்து சேரும். கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கிய நாலு பல் வாரி இரண்டு, ஒன்று 450, பன்னிரண்டடி மூங்கில் பிடி. வாரியால் இழுத்துப் பலகையில் போட்டால் தண்ணீர் தானாக வடிந்து வாய்க்காலுக்கே போகும். இரண்டு நாள் கழித்து டிராக்டர் பெட்டியில் ஏற்றினால் மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்திருக்கும். தராசுக் கணக்கு இங்கேதான் உதவியது.

முதல் மழையன்று ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தேன். மடைக்காரரும் வந்தார். அவருக்கு இதில் நம்பிக்கையே இல்லை. தண்ணீர் கரை மீறினால் ஊர் முதலில் அவரைத்தான் கேட்கும், அது அவர் கவலை. இரண்டு மணிக்கு ஒரு பெரிய திட்டு, கட்டில் அளவு, வந்து மிதவையில் இடித்தது. இரும்புக் கயிறு கிண்ணென்று ஒரு சத்தம் போட்டது. திட்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றது. அப்புறம் பின்பக்கம் மெதுவாகத் திரும்பி, பைப்பை உரசிக்கொண்டு, கரடுமுரடாக ஒரு சத்தத்தோடு மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. மடைக்காரர் பீடியை அணைத்துவிட்டு, "நான் போயிப் படுக்கேன்" என்று கிளம்பிவிட்டார். அவரிடமிருந்து அதற்கு மேல் சர்டிபிகேட் எதிர்பார்க்க முடியாது.

ஐப்பசி முதல் தை வரை மூன்று நாளைக்கு ஒரு தடவை, இரண்டு பேர், அரை நாள், ஆளுக்கு 400. இருபத்தாறு தடவைக்கு 20,800. மூலையில் எடுத்தது பதினான்கு டிராக்டர் பெட்டி. வாழைக்காரர்கள் மூடாக்குக்கு, அதாவது வாழையடி மண்ணை மூடிப் போட, வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள், வாடகையும் அவர்களுடையதே. காய்ந்த பிறகுதான் போட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தோம். ஒருவர் அவசரப்பட்டுப் பச்சையாக வாழைக்காலில் போட்டார். இப்போது அவர் தோட்டத்து வாய்க்காலில் ஊதாப் பூ பூக்கிறது.

குளத்தின் நிலையைப் பார்க்க இரண்டு அளவுகள் வைத்திருக்கிறேன். ஒன்று, 20 சென்டிமீட்டர் எவர்சில்வர் தட்டு. கறுப்பும் வெள்ளையுமாக நாலு பாகம் பெயிண்ட் அடித்து, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கி, எந்த முடிச்சில் மறைகிறது என்று பார்ப்பது. போன தையில் 20 சென்டிமீட்டர், இந்தத் தையில் 55. இன்னொன்று பறவை. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவை கணக்கெடுப்பு நடக்கிறது, அதைப் பார்த்து நாங்களும் எங்கள் குளத்தில் அந்த மாதமே எண்ணுகிறோம். அமலை இருந்தபோது நீலத்தாழைக்கோழியும் இலைக்கோழியும்தான் அதன்மேல் நடந்து திரியும். இந்த வருடம் முக்குளிப்பானும் புள்ளிமூக்கு வாத்தும் வந்தன. இலைக்கோழி குறைந்துவிட்டது, அதற்கு மிதக்கும் இலை வேண்டும். வடக்கு ஓரத்தில் அல்லியை யாரும் பிடுங்கக் கூடாது என்று இப்போது சொல்லி வைத்திருக்கிறோம்.

முழுதாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தென்மேற்கு மூலையில் ஒன்றரை ஏக்கர் அமலை இன்னும் நிற்கிறது. மூன்று தெருச் சாக்கடை விழும் இடம் அது, உரம் போட்ட வயல் மாதிரி வளர்கிறது. சாக்கடைத் தண்ணீரைச் சுத்தமாக்க ஒரு குழி வெட்டிக் கல்வாழை நட்டுப் பார்த்தோம். கல்வாழை நன்றாக இருக்கிறது, தண்ணீர் அப்படியேதான் வருகிறது. குழி சிறிது.

அடுத்த முறை பிவிசி வாங்க மாட்டேன். நாலு மாத வெயிலிலேயே மேற்புறம் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டுகிறது, வெயில் தாங்கும் எச்டிபிஇ பிளாஸ்டிக் பைப் விலை கூடினாலும் அதுதான் சரி. நிழல்வலையில் பாசி பிடித்து அடைத்துக்கொள்கிறது, பத்து நாளைக்கு ஒருமுறை விளக்குமாறு போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. இதைவிடக் கண் பெரிய வலை போதும், ஆனால் பாம்பு தலையை விடுகிற அளவுக்குப் பெரிதாகவும் இருக்கக்கூடாது. இரும்புக் கயிறு முனைக்கு இரண்டு கிளாம்பு போட்டேன், ஒன்று நழுவ ஆரம்பித்தது. மூன்று போட வேண்டும்.

மாசி பிறந்ததும் மிதவையைக் கழற்றிக் கழுவி, பம்புசெட் அறையில் வெயில் படாமல் அடுக்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை எண்ணினால் ஐந்துதான் இருந்தது. ஆறாவது சித்தப்பா தோட்டத்துக் கிணற்றில் மிதந்தது, நாலு பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழகுகிறார்கள். மூடி பிரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். புரட்டாசிக்குள் திருப்பித் தந்தால் போதும்.